திங்கட்கிழமை எபிசோடு

2012 நவம்பர் 2, வெள்ளி

விடாத தூறல். உரக்கடையில் யூரியா மூட்டைகளுக்குத் தார்ப்பாய் போட்டே பொழுது போனது. ஏழரைக்கு ஏரி ராணி சீரியல். ராணி எதற்குத் தன் புருஷனையே கல்லாக்கினாள்? கல்லானவன் அடுத்த காட்சியில் உட்கார்ந்து இட்லி தின்கிறான். ஒரு மண்ணும் விளங்கவில்லை.

முடிந்ததும் செல்வி போன், திண்டிவனத்திலிருந்து. வழக்கம்போல.

"அது ராணி கண்ட கனவுங்க. கால பாக்கலியா? கொலுசு இருந்தா நெசம். இல்லன்னா கனவு."

"கால யாரு பாத்துக்கினு இருப்பாங்க?"

சிரித்தாள். குழந்தை போன பிறகு இன்றுதான் சிரித்துக் கேட்டேன். பிரசவத்துக்கு அம்மா வீடு போனவள். பெண் குழந்தை. பெயர் வைப்பதற்குள் போய்விட்டது. செ. அங்கேயே தங்கிவிட்டாள். போனில் சீரியல் கதை மட்டும்தான். மற்றதை அவளும் தொடுவதில்லை, நானும். இங்கே வரத் தோன்றினால் சொல்வாள். அவசரப்படுத்தக் கூடாது.

நவ. 5, திங்கள்

மெழுகுவத்தி, தீப்பெட்டி, கொசுவத்தி. கரண்ட் நிறுத்தும் நேரத்தை மறுபடி மாற்றிவிட்டார்கள். இங்கே விழுப்புரத்தில் ஏழு முதல் எட்டு. தி.வனத்தில் அப்போது கரண்ட் உண்டு. எனக்கு எபிசோடு போச்சு. செ. போனில் கதை சொன்னாள்.

"ராணி வாசல்லயே நிக்கறா. புருஷன் வர்றான், தோள்ல பொண் கொழந்த. இவள பாக்காமலே தாண்டிப் போறான். கூப்பிடறா, தொண்டையிலருந்து சத்தமே வரல."

"கொலுசு?"

"இல்ல. அவன் ஏன் நிக்கல? நீங்க என்னா நெனக்கிறீங்க?"

"வாயத் தொறந்து கூப்பிட்டாத்தான நிப்பான். விட்டுத் தள்ளு, சும்மா இழுத்துக்கினு போறானுங்க."

"சரிங்க" என்றாள். வைத்துவிட்டாள்.

நவ. 7, புதன்

நேற்றும் இன்றும் செ. போன் இல்லை. நான் அடித்தால் எடுக்கவில்லை.

மாடி வீட்டு ராஜி அக்காவைப் படியில் பார்த்தேன். அவர்களுக்கு இன்வெர்ட்டர் உண்டு. அந்தக் கனவுக்குப் பிறகு ராணி என்ன ஆனாள் என்று கேட்டேன்.

"திங்கக்கெழமயா? அன்னிக்கி முழுக்க மந்திரவாதி சண்டதான் தம்பி. ராணிக்கு ஏது புள்ள?"

அப்படியானால் அது யார் கண்ட கனவு? அக்கா விடவில்லை.

"செல்விய எப்ப அழச்சினு வரப்போற? பொறந்த வூட்டுலருந்து பொண்ணு தானா பெட்டிய தூக்கிக்கினு வருமா? நீ போயி கூப்பிட வேணாமா?"

ஊருக்கே தெரிந்த முறை. அவள் சொல்லட்டும் என்று நான். நான் வரட்டும் என்று அவள். வாயைத் திறந்துதான் கேட்டிருக்கிறாள். இழுக்கிறானுங்க என்று சொன்ன மடையன் நான்.

கடையில் டி.ஏ.பி. உரம் கேட்டவருக்குப் பொட்டாஷைக் கட்டிக் கொடுத்தேன். திட்டினார்.

நவ. 8, வியாழன்

வெயில். லீவு. மல்லிப்பூ, மிக்சர், மாமியாருக்கு ஆரஞ்சு. பஸ்ஸில் ஜன்னல் சீட். என்ன பேசுவது என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

வாசலிலேயே நின்றிருந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். சொல்லிப் பார்த்தது எல்லாம் மறந்து போச்சு.

"அந்தக் கனவு சீரியல்ல வரலியாமே."

"வரல."

"உன்ன அழச்சினு போவத்தான் வந்தேன் செல்வி."

"அதுக்கப்புறம் என்னா ஆச்சின்னு நீங்க கேக்கவே இல்லியே" என்றாள். குரலில் கோபம் இல்லை. "அவன் திரும்பி வர்றான். அதுக்குள்ள அவ கதவ சாத்திக்கினு உள்ள போயிட்டா."

பூவை வாங்கிக்கொள்ளவில்லை. மாமியார் காபியோடு வந்தவர், எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார். இதுவும் கனவாக இருக்கட்டும் கடவுளே என்று செல்வியின் காலைப் பார்த்தேன்.

கொலுசு இருந்தது.