நெஞ்சுவலி என்று நான் சொன்னது

ஈஜிபுரா, பெங்களூரு
செப்டம்பர் 16, செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் வைஷ்ணவிக்கு அப்பா கோவிந்தன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மாவும் நல்ல சுகம், அங்கே லிமரிக்கில் நீயும் சளி இருமல் இல்லாமல் சுகமாக இருக்க அம்மன் துணை இருப்பாள். நல்ல சுகம் என்று எழுதியதை இன்னொரு தடவை படித்துக்கொள் அம்மா, அது வழக்கத்துக்கு எழுதியது இல்லை, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே. இரண்டு வருடமாகப் போனிலேயே பேசிக்கொண்டிருந்த மனிதன் திடீரென்று பேனாவைப் பிடித்திருக்கிறானே என்று பயந்துவிடாதே. போனில் என்றால் என் வாய் எனக்கு முன்னால் ஓடிவிடுகிறது. பேனா என்றால் ஒவ்வொரு எழுத்தாக யோசித்துப் போட வேண்டியிருக்கிறது, பொய் எழுதக் கை கூசுகிறது. உனக்கும் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும், அதுவும் ஒரு விதத்தில் எனக்கு நல்லது, கோபம் மெதுவாகத்தான் வரும்.

இதைக் கொண்டுவந்து கொடுத்திருப்பவன் எதிர்வீட்டு டென்சில் மகன் ரயான். அவன் உன் ஊர் காலேஜில் படிக்க வருகிறான் என்று அம்மா சொல்லியிருப்பாள். டென்சில் ஒரு வாரமாக மகனுடைய பெட்டியைத் தினமும் எடை போட்டுக்கொண்டிருக்கிறார். பழைய பேப்பர்காரரிடம் ஒரு கொக்கித் தராசை இரவல் வாங்கி வந்து, வாசலில் நின்றபடி பெட்டியைத் தூக்கிப் பார்ப்பார், இரண்டு பனியனை எடுப்பார், மறுபடியும் தூக்குவார், பிறகு மனசு கேட்காமல் அந்தப் பனியனையே உள்ளே வைப்பார். அந்தப் பெட்டியில் நமக்கென்று ஒன்றரை கிலோ ஒதுக்கியிருக்கிறார், நல்ல மனுஷன். அதில் ரசப்பொடியும் புளியோகரே பொடியும் உன் அம்மா பங்கு. என் பங்கு உன் சைக்கிள் சீட்டுக்கு ஒரு உறை. நீ அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கி அளவு பார்த்தேன், ஆட்டோ ஹூடுக்குப் போடுகிற ரெக்சின், உள்ளே ஒரு இஞ்ச் ஃபோம், இரட்டைத் தையல், உங்கள் ஊர் மழை எவ்வளவு பெய்தாலும் உள்ளே இறங்காது. கயிற்றை அடியில் இழுத்து முடிச்சுப் போட்டுக்கொள். நிறம் பச்சையும் மஞ்சளும், பிள்ளை ஆட்டோ மேல் உட்கார்ந்து போகிற மாதிரி இருக்கும் என்று அம்மா சிரிக்கிறாள், சிரிக்கட்டும், பின்னால் வருகிற கார்க்காரன் கண்ணில் பட்டால் சரி. ஆயுத பூஜைக்கு இரண்டு வாரம்தான் இருக்கிறது, சிவாஜிநகர் கடையில் மூச்சு விட நேரமில்லை, ஹூடு மாற்றவும் சீட்டுக்குப் புது உறை போடவும் ஆட்டோக்கள் மசூதித் தெரு முனை வரைக்கும் நிற்கின்றன. நடுவில் உன் சீட்டைத் தைத்ததற்கு ஒரு டிரைவர் என்னோடு சண்டைக்கே வந்துவிட்டார், அயர்லாந்துக்குப் போகிற ஆர்டர் என்று சொன்னதும் டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார்.

நேற்று அம்மா உனக்கு ஒரு வாட்ஸ்அப் அனுப்பினாள், ரயான் வந்து பார்க்கிற வரைக்கும் நீ வேலை பார்க்கிற முதியோர் இல்லத்தில் எந்தப் பதிலும் சொல்லாதே என்று. ஏன் எதற்கு என்று நீ நாலு தடவை கேட்டும் அவள் சொல்லவில்லை. நான்தான் சொல்ல வேண்டும் என்பது அவள் எனக்குப் போட்ட கட்டளை. சரி, சுற்றி வளைத்தது போதும், சொல்லிவிடுகிறேன்.

போன மாதக் கடைசியில் நம் ஆட்டோ ஸ்டாண்டில் பிள்ளையார் வைத்தார்கள். பிரசாதம் என்று இரண்டு தொன்னை புளியோகரே, அது சரியாக இறங்குவதற்குள் மிளகாய் பஜ்ஜி, கடைக்குப் போனதும் சமோசாவும் டீயும். மத்தியானம் மெஷினில் உட்கார்ந்திருந்தபோது நெஞ்சில் ஒரு இறுக்கம், வேர்த்துவிட்டது. பக்கத்துக் கடைக்காரர்கள் ஆட்டோவில் தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், ஈசிஜி எடுத்தார்கள், ரத்தம் பார்த்தார்கள், மூன்று மணி நேரம் படுக்க வைத்தார்கள். கடைசியில் அந்த டாக்டர் அம்மா வந்து, இதயம் நன்றாக இருக்கிறது, இது வாயு, வயசுக்குத் தகுந்த மாதிரி சாப்பிடுங்கள் என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார். அவ்வளவுதான் நடந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமைதான் நீ கூப்பிட்டாய். எவ்வளவு சந்தோஷமாக ஆரம்பித்தாய் என்று எனக்கு நினைவிருக்கிறது. இன்னும் இரண்டு வருடம் இருக்கிறேன் என்று முப்பதாம் தேதிக்குள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், நர்சிங் படிப்புக்கு அவர்களே பணம் கட்டி அனுப்புகிறார்களாம் அப்பா என்றாய். பன்னிரண்டாவது முடித்த அன்றைக்கு நீ வாய்விட்டுக் கேட்ட ஒரே படிப்பு அது. என்னால் சேர்க்க முடியவில்லை, நீயும் மறு பேச்சுப் பேசாமல் ஆஸ்பத்திரி ரிசப்ஷனில் போய் உட்கார்ந்தாய், பிறகு யாரும் துணையில்லாமல் அவ்வளவு தூரம் போனாய், நாலு பேர் இருக்கிற வீட்டில் ஃபிரிட்ஜில் ஒரு தட்டு மட்டும் உன்னுடையது என்று சிரித்துக்கொண்டே காட்டினாய். அந்தப் படிப்பு இப்போது தானாக உன்னிடம் வருகிறது. நான் குதித்திருக்க வேண்டும். எனக்கு இன்னும் இரண்டு வருடம் என்பது மட்டும்தான் காதில் விழுந்தது. உன் அம்மா தண்ணீர் பிடிக்கக் கீழே போயிருந்தாள், தடுக்க ஆளில்லை. அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரிக்குப் போனேன், ஈசிஜி எடுத்தார்கள், டாக்டர் ரொம்ப ஜாக்கிரதையாக இருக்கச் சொல்லியிருக்கிறார், இனிமேல் எப்படியோ தெரியாது என்று சொல்லிவிட்டேன். டாக்டர் ஜாக்கிரதையாக இருக்கச் சொன்னது பஜ்ஜி விஷயத்தில்.

நீ அழுதாய். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, கையெழுத்துப் போடவில்லை, வந்துவிடுகிறேன் என்றாய். வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், அதைக் கேட்டு எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மறுநாளே ரஸல் மார்க்கெட் பக்கம் போய் ஒரு கிலோ ஆட்டுக்கறி வாங்கி வந்தேன், நெஞ்சுவலிக்காரன். மகள் வருகிறாள் என்று டென்சிலிடம் சொன்னேன், டீக்கடையில் சொன்னேன். அன்றைக்குச் சாயங்காலம் நீ அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு அழுதபோதுதான் நான் சொன்ன பொய் அவளுக்குத் தெரிந்தது. அவள் உன்னிடம் உடனே உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவளுக்கும் உன்னைப் பார்க்க ஆசை, அதனால் அப்போது வாயை மூடிக்கொண்டாள். ஆனால் அதற்குப் பிறகு என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். சாப்பிடுங்க, தள்ளுங்க, இந்த இரண்டு வார்த்தைதான் பத்து நாளும். கறிக்குழம்பை எனக்கு ஊற்றும்போது மட்டும், நெஞ்சு தாங்குமா என்று கேட்டாள்.

பார்கவி விஷயம் நடக்காமல் இருந்தால் நான் இப்படியே கல்லுளிமங்கன் மாதிரி இருந்திருப்பேன். உன் கட்டிலில் படுத்துக்கொண்டு வீடியோவில் உனக்குக் கை காட்டுவாளே, நம்மோடு வாடகைக்குத் தங்கியிருக்கிற ஹாசன் பெண், அவள்தான். லேபில் ரத்தம் எடுக்கிற வேலைக்கு ஆறு மாதப் பயிற்சி, அதில் ஐந்து முடிந்துவிட்டது, ஒரு மாதம் ஓடினால் வேலை நிரந்தரம். அவளுக்கும் இந்த ஊரில் சொந்தம் என்று யாரும் இல்லை, மாதக் கடைசியில் டீயும் பன்னும்தான், அம்மா கூப்பிட்டுத் தட்டு வைத்தால் வேண்டாம் வேண்டாம் என்றுவிட்டு மூன்று தோசை சாப்பிடுவாள். போன வாரம் திங்கட்கிழமை காலையில் அவளுடைய அப்பா ஊரிலிருந்து போன் செய்தார். அம்மா மயங்கி விழுந்துவிட்டாள், ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம், உடனே வா என்று. அந்தப் பெண் லேபில் சொல்லாமலே கிளம்பிவிட்டாள். செருப்பைக்கூட மாற்றி மாட்டிக்கொண்டாள். நானே கடையைத் திறக்காமல் அவளை மெஜஸ்டிக் கூட்டிக்கொண்டு போய் ஹாசன் பஸ்ஸில் உட்கார வைத்து, தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்து, ஒன்றும் ஆகாது போம்மா என்று தைரியம் சொல்லி அனுப்பினேன்.

வெள்ளிக்கிழமை காலை ஆறரை மணிக்குக் கதவைத் திறந்தால் படியில் பையோடு உட்கார்ந்திருக்கிறாள். அம்மா எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டேன். சுள்ளு அங்கிள், எல்லா சுள்ளு என்றாள். எல்லாமே பொய்யாம். இவள் பதறிக்கொண்டு வீட்டுக்குள் போனால், மயங்கி விழுந்த அம்மா அடுப்படியில் உட்கார்ந்து முறுக்குச் சுற்றிக்கொண்டிருந்தாளாம், மறுநாள் மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்களாம். சொல்லாமல் லீவு எடுத்ததால் லேபில் போனிலேயே பயிற்சியை முதல் மாதத்திலிருந்து மறுபடியும் ஆரம்பிக்கச் சொல்லிவிட்டார்கள். எனக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே நீ. இவனெல்லாம் ஒரு அப்பனா, பெற்ற பெண்ணிடம் நோய் நொடி என்று சொல்லி வரவழைப்பானா, அந்த ஆள் நம்பரைக் கொடு நான் கேட்கிறேன் என்று நடு வீட்டில் நின்று கத்தினேன். அடுப்படியிலிருந்து உன் அம்மா, சொல்லுங்க, நல்லா சொல்லுங்க, இன்னும் கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க என்றாள். பத்து நாளில் அவள் என்னோடு பேசிய முதல் முழுப் பேச்சு அதுதான். நான் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

அதைவிட அந்தப் பெண் சொன்னதுதான் என்னைப் பிடுங்கித் தின்கிறது. நம்மோடு பழகிக் கற்றுக்கொண்ட தமிழில் சொன்னாள், அங்கிள், உன்னைப் பாக்கணும் போல இருக்கு வான்னு சொல்லியிருந்தா நானே போயிருப்பேன், இனிமே அம்மாவுக்கு நெஜமாவே ஒடம்பு சரியில்லைன்னாலும் நா யோசிச்சுட்டுதான் பஸ் ஏறுவேன் என்று. சொல்லிவிட்டு முகம் கழுவிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள். எனக்கு அன்றைக்கு ஒரு ஹூடும் நேராகத் தைக்க வரவில்லை. நானும் ஒருநாள் நிஜமாகவே படுப்பேன் அல்லவா, அன்றைக்கு நீ அங்கே நின்று, இது அப்பாவின் நெஞ்சா அல்லது அப்பாவின் ஆசையா என்று யோசிக்கிற மாதிரி நானே செய்துவிட்டேனே. மன்னித்துவிடு அம்மா. மகளிடம் மன்னிப்புக் கேட்பதில் எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

இதோடு அந்த ஈசிஜி தாளின் நகலும் டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டும் வைத்திருக்கிறேன். என் பேச்சை இப்போதைக்கு நம்ப வேண்டாம், உங்கள் இல்லத்து நர்ஸ் யாரிடமாவது காட்டிக் கேட்டுக்கொள். இனிமேல் எங்கள் உடம்பு பற்றிய செய்தி எதுவானாலும் உன் அம்மாதான் சொல்வாள், அவள் வாயில் பொய் வராது, வந்தாலும் ஒரு நாள் தாங்காது. நீயும் சாப்பிட்டாயா என்று கேட்டால் ஆச்சு ஆச்சு என்று சொல்லாதே, பார்கவியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு அந்த ஆச்சு எங்களுக்கு நன்றாகப் புரிகிறது. பிரெட் என்றால் பிரெட் என்று சொல். படிப்பு ஆரம்பித்தால் கூடுதல் ஷிப்ட் எடுக்காதே, வீட்டுக்கு அனுப்புவதைக் குறைத்துக்கொள், இங்கே ஆயுத பூஜை வேலை இருக்கிறது, எங்களுக்குப் போதும். குளிருக்குக் காதை மூடிக்கொள். உன்னைத் தலை வாரிவிடச் சொல்லிக் கேட்பார்களே அந்த எண்பது வயசு அம்மா, அவர்களுக்கு நான் கும்பிடு சொன்னதாகச் சொல்.

உன்னைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது வைஷு. நெஞ்சுவலி ஒன்றும் இல்லை, வேறு காரணமும் இல்லை, பார்க்க வேண்டும் போல இருக்கிறது, அவ்வளவுதான். இதை அன்றைக்கே இப்படி நேராகச் சொல்லியிருக்கலாம், எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இதற்காக நீ ஓடி வர வேண்டாம். ரயான் வெள்ளிக்கிழமை உன்னைப் பார்ப்பான், திங்கட்கிழமை காலையில் முதல் வேலையாக அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடு. போட்டதும் போட்டோ அனுப்பு, மகள் வருகிறாள் என்று சொன்ன இடத்திலெல்லாம் மகள் நர்ஸ் ஆகப்போகிறாள் என்று நான் மாற்றிச் சொல்ல வேண்டும். நீ நினைத்தது எல்லாம் நடக்கும், நல்லா இரு, எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. இதுவரை எழுதியதை அம்மா இரண்டு தடவை படித்துவிட்டாள், ஒரு இடத்திலும் திருத்தம் சொல்லவில்லை, இன்றைக்குக் காலையில் எனக்கு இரண்டாவது டம்ளர் காபி கிடைத்தது. மறக்காமல் இருக்க ஒன்று மட்டும் சொல்கிறேன். பொங்கலுக்கோ அடுத்த வருடமோ உனக்கு லீவு கிடைக்கிறபோது வா. வரும்போது திரும்பிப் போகிற டிக்கெட்டையும் சேர்த்தே எடுத்துக்கொண்டு வா, ஏர்போர்ட்டில் நானே கொண்டுவந்து விடுகிறேன்.

இப்படிக்கு,
நல்ல சுகத்தோடு இருக்கும் உன் அப்பா,
கோவிந்தன்