கேட்சருக்குத் தெரியாத பந்து

ஜூன் 3, 1997, செவ்வாய்

பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்த காலத்தில் ஒரு மாணவி என்னிடம் கேட்டாள்: "ஒருத்தர் பாத்து எழுதினா எப்படி டீச்சர் கண்டுபிடிக்கிறீங்க?" இரண்டு பேர் ஒரே சரியான விடையை எழுதினால் அதில் ஒன்றுமில்லை, இரண்டு பேரும் ஒரே தப்பைச் செய்திருந்தால்தான் நான் நாற்காலியை விட்டு எழுந்திருப்பேன் என்றேன். "அப்ப தப்பைக் கொஞ்சம் மாத்தி எழுதணும்" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

இன்று பேஸ்பால் மைதானத்தில் அவள் ஞாபகம் வந்தது. நம் ஊர் அணியின் டேல் எறிந்த பந்தையெல்லாம் எதிரணி டன்மோர்காரர்கள் அடித்து நொறுக்கினார்கள். வேகமாக எறிந்தால் வேகத்துக்குத் தயாராக நிற்கிறார்கள். மெதுபந்து போட்டால், பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களைப் போல நிதானமாகக் காத்திருந்து அடிக்கிறார்கள். விடைத்தாள் முன்பே கையில் கிடைத்த வகுப்பு இப்படித்தான் பரீட்சை எழுதும்.

ஜூன் 5

இந்தக் கோடையிலும் மாடி அறையை அணிக்குக் கொடுத்திருக்கிறேன். இந்த ஊரில் பாதி வீடுகளில் யாராவது ஓர் ஆட்டக்காரர் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். எனக்கு வாய்த்தவர்கள் இரண்டு பேர். ஓக்லஹோமாவிலிருந்து வந்த, பந்து எறியும் பிட்சர் டேல் ஹாஸ்கின்ஸ். அவனுடைய பந்தைப் பிடிக்கும் கேட்சர் எஃப்ரைன் போலங்கோ, டொமினிக்கன் குடியரசுக்காரன். டேல் சோளக்கதிரை வரிசை தப்பாமல் தின்பான். எஃப்ரைன் என் மாக்கரோனியைச் சாப்பிட்டுவிட்டு, "நல்லா இருக்கு டீச்சரம்மா. உப்புதான் லீவுல போயிருக்கு" என்பான்.

இன்று அவன் குளிக்கப் போன நேரத்தில் டேல் அடுப்படிக்கு வந்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"டீச்சர், நான் என்ன போடப் போறேன்னு அவங்களுக்கு முன்னாடியே தெரியுது."

"யார் சொல்வா?"

"பேட்டருக்குப் பின்னாடி குந்தி உக்காந்து விரல்ல சிக்னல் காட்டறது யாரு? வேகமா, மெதுவான்னு என்னைத் தவிர தெரிஞ்சவன் அவன் ஒருத்தன்தான்."

குளியலறையில் எஃப்ரைன் பாடிக்கொண்டிருந்தான். நாங்கள் இருவரும் அந்தப் பாட்டைக் கேட்டுக்கொண்டு நின்றோம்.

ஜூன் 8, ஞாயிறு

எஃப்ரைன் அப்படிச் செய்வான் என்று நான் நம்பவில்லை. ஆனாலும் அவனைக் கவனிக்கிறேன்.

டன்மோர் அணியில் ஒசிரிஸ் என்று ஒரு பேட்டர். எஃப்ரைனின் சொந்த ஊர்க்காரன். ஒசிரிஸ் அடிக்க வந்து நிற்கும்போதெல்லாம் முகக்கவசத்துக்குள்ளிருந்து இவன் ஏதோ சொல்கிறான், அவன் சிரிக்கிறான். அவர்கள் பாஷை எனக்குத் தெரியாது. பக்கத்து இருக்கையில் இருந்த அண்டை வீட்டு ஹேஸலிடம் மெதுவாகச் சொன்னேன். "கேட்சருங்க எல்லாரும் பேசுவாங்க லொரெய்ன். பேட்டர் கவனத்தைக் கலைக்கத்தான்" என்றாள். அடுத்த பந்து வேலி தாண்டிப் போனதும், "இருந்தாலும்..." என்றாள்.

ஜூன் 10

எஃப்ரைன் கூடத்தில் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தான். இரண்டு வார்த்தைகள் மட்டும் புரிந்தன: ஒசிரிஸ், டேல். என்னைக் கண்டதும் குரல் இறங்கியது.

ஜூன் 11

என் வீட்டிலேயே படியில் சத்தமில்லாமல் இறங்கப் பழகிவிட்டேன். இது என்ன பழக்கம்?

ஜூன் 14, சனி

மறுபடியும் தோல்வி. மேனேஜர் டேலை அறைக்குள் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: இன்னும் ஒரு ஆட்டம். அதிலும் இப்படியே என்றால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். இருபது வயதில் கீழ்மட்ட அணியே அனுப்பிவிட்ட பிட்சரை வேறு யார் எடுப்பார்கள்? பையன் இரவுச் சாப்பாட்டைத் தொடவே இல்லை.

எஃப்ரைன் தன் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு டேலின் முகத்துக்கு நேரே கையை நீட்டினான். முதலில் மூடிய முட்டி. பிறகு அதை மெல்ல விரித்தான். மறுபடி மூடினான், விரித்தான்.

"நீ. இப்படி. மெதுபந்து, இப்படி" என்றான். சாப்பாட்டைக் கேலி செய்ய வரும் ஆங்கிலம் இதை விளக்க அவனுக்கு வரவில்லை.

டேல் எழுந்தான். "கேலி பண்றியாடா? கை விட்டுப்போச்சுன்னு காட்டறியா?"

"இல்ல, இல்ல. கேளு—"

கதவு அறைந்து சாத்தப்பட்டது. எஃப்ரைன் என்னைப் பார்த்துத் திரும்பி அதே மாதிரி முட்டியை விரித்துக் காட்டினான். நானும் தட்டுகளை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். இவ்வளவு அப்பாவியாக முகத்தை வைத்துக்கொள்ள ஒருவனால் எப்படி முடிகிறது என்றுதான் அப்போது தோன்றியது.

ஜூன் 17

டேல் ஒரு திட்டம் சொன்னான். வியாழக்கிழமை ஆட்டத்தில் எஃப்ரைன் வேகப்பந்து கேட்டால் இவன் மெதுபந்து போடுவான், மெதுபந்து கேட்டால் வேகம். அவனிடம் சொல்லாமல். "அவன்தான் சொல்லிக் குடுக்கறான்னா பேட்டருங்க முட்டாளா நிப்பாங்க. அப்ப தெரிஞ்சிடும்."

பிட்சர் தன் கேட்சரையே ஏமாற்றுவதா? ஆனால் சோதனை என்று பார்த்தால் குறை சொல்ல முடியவில்லை. வடிவியலில் இப்படித்தான் செய்வோம்: ஒன்றை உண்மை என்று வைத்துக்கொண்டு, அது எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று பார்ப்போம்.

"சரியான சோதனைதான்" என்றேன்.

ஜூன் 19, வியாழன்

நடந்ததை அப்படியே எழுதி வைக்கிறேன்.

ஒசிரிஸ் அடிக்க வந்தான். எஃப்ரைன் சிக்னல் காட்டினான். பந்து புறப்பட்டபோது அவன் சட்டென்று முன்னால் சரிந்து தடுமாறினான். அவன் எதிர்பார்த்தது வேகம், வந்தது மெதுபந்து என்று எனக்குத் தெரிந்தது. ஒசிரிஸ் தடுமாறவில்லை. அவன் அடித்த பந்து மட்டும் கோட்டுக்கு வெளியே போய் விழுந்தது.

அடுத்த பந்து. எஃப்ரைன் இரண்டு கையையும் முன்னால் வைத்து முட்டி போட்டான். மெதுபந்து தரையில் குத்தும். அதை மறிக்க அப்படித்தான் உட்கார வேண்டும். வேகப்பந்து என்றால் வெறுங்கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொள்வான். வந்தது வேகப்பந்து. ஒசிரிஸின் மட்டை சரியான நேரத்துக்குச் சுழன்று, பந்தை உரசி விட்டது. அது நேரே எஃப்ரைனின் வலது கட்டைவிரலில் போய் இடித்தது.

அவன் கத்தவில்லை. கையைத் தொடைகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டு மண்ணில் நெற்றியைப் பதித்தான்.

மேனேஜர் ஓடி வந்தார். "சிக்னல் குடுத்தவனே மறந்துட்டானே. என்னடா கேட்சர் நீ?" வேலியோரத்தில் இருந்த எங்களுக்கெல்லாம் கேட்டது. டேல் எறியும் மேட்டின் மேல் பந்தைத் தேய்த்தபடி நின்றான். ஒன்றும் சொல்லவில்லை. நானும்தான் ஒன்றும் சொல்லவில்லை. ஐயோ, நான் எதுக்கு அங்க போய் உக்காந்தேன்.

ஜூன் 20, வெள்ளி

எலும்பு முறிவு. மாவுக்கட்டு. கவனம் இல்லாத கேட்சர் தேவையில்லை, திங்கட்கிழமை விமானத்தில் ஊருக்கு அனுப்பிவிடலாம் என்று மேனேஜர் முடிவு செய்திருக்கிறாராம்.

காலை முழுவதும் பாத்திரம் துலக்கிக்கொண்டே யோசித்தேன். எஃப்ரைனைப் பார்த்து ஒசிரிஸ் எழுதியிருந்தால், எஃப்ரைன் செய்த அதே தப்பை அவனும் செய்திருக்க வேண்டும். எஃப்ரைன் வேகம் என்று நினைத்தபோது அவனும் அப்படி நினைத்து ஏமாந்திருக்க வேண்டும். இரண்டு முறையும் கேட்சர் ஏமாந்தான். இரண்டு முறையும் பேட்டர் ஏமாறவில்லை. கேட்சருக்கே தெரியாத விடை பேட்டருக்கு எங்கிருந்து கிடைத்தது?

அந்த விடை தெரிந்தவன் மைதானத்தில் ஒருவன்தான்.

மதியம் டேலைக் கூப்பிட்டேன். "கிளவுஸையும் பந்தையும் எடுத்துட்டு வா. ஸ்டவ் பக்கத்துல நில்லு. ஆட்டத்துல நிக்கற மாதிரி."

"எதுக்கு டீச்சர்?"

"நில்லுப்பா. கிளவுஸுக்குள்ளே பந்தை வேகத்துக்குப் பிடி. சரி. இப்ப மெதுபந்துக்கு மாத்து."

மெதுபந்துக்குப் பந்தை உள்ளங்கைக்குள் ஆழமாகத் திணிக்க வேண்டும். அவன் திணித்தபோது இடது கையில் இருந்த தோல் கிளவுஸ், மீன் செவுள் திறப்பது போல விரிந்தது. வேகத்துக்கு மாற்றச் சொன்னேன், மூடியது. மெதுபந்து, விரிந்தது.

மூடிய முட்டி. மெல்ல விரிந்த முட்டி. எதிரே நிற்கும் பேட்டருக்கு அதுவே விடைத்தாள். சாப்பாட்டு மேஜையில் எஃப்ரைன் எங்கள் இருவருக்கும் காட்டியது இதைத்தான்.

டேலிடம் சொன்னேன். அவன் கிளவுஸைக் கழற்றி அடுப்பின் மேல் வைத்துவிட்டு உட்கார்ந்தான். "நான் வேணும்னு மாத்திப் போட்டேன்னு சொன்னா என்னைத் துரத்திடுவாங்க டீச்சர்" என்றான்.

"துரத்துவாங்க."

"சொல்லலன்னா?"

"எஃப்ரைன் திங்கக்கிழமை போயிடுவான்."

மேனேஜரிடம் அவனை மட்டும் நான் அனுப்பவில்லை. நானும் கூடப் போகிறேன் என்றேன். 'சரியான சோதனை' என்று சொன்னது நான்தானே.

ஜூன் 21

மேனேஜர் கேட்டுவிட்டு என்னைத்தான் முதலில் பார்த்தார். "நீங்க எத்தனை வருஷமா இந்த ஆட்டம் பாக்கறீங்க? சொந்தக் கேட்சர் மேலேயே கல்லெறியற மாதிரி இது." டேலிடம் ஒரே வாக்கியம்தான்: "இனி உனக்காக எந்தக் கேட்சர் குந்துவான்னு நினைக்கிற?"

எஃப்ரைன் அணியிலேயே இருக்கிறான். டேலை நீக்கிவிட்டார்கள்.

ஜூன் 22

தொலைபேசி விஷயத்தை இன்று எஃப்ரைனிடம் கேட்டேன். பாதி ஆங்கிலத்திலும் பாதி சைகையிலும் சொன்னான். டேலுடைய எந்த அசைவைப் பார்த்து அடிக்கிறீர்கள் என்று ஒசிரிஸைத் தினமும் நச்சரித்தானாம். அவன் சொல்ல மறுக்கவே, இவனே கவனித்துக் கண்டுபிடித்தானாம். "ஏன் என்கிட்டச் சொல்லல?" என்றேன்.

"சொன்னேன் டீச்சரம்மா. நீங்க தட்டை எடுத்துட்டுப் போயிட்டீங்க."

ஜூன் 23

இரண்டு பேரும் ஒரே அறையில்தான் இருக்கிறார்கள். பேச்சு இல்லை.

ஜூன் 26, வியாழன்

வடக்கு டகோட்டாவில் ஒரு சின்ன அணி சனிக்கிழமை டேலை எறியச் சொல்லிப் பார்க்கப்போகிறது. நாளை பஸ். எறிந்து பழக ஆள் இல்லை. அணியின் வேறு கேட்சர்கள் யாரும் அவனுக்குக் குந்த மாட்டோம் என்றுவிட்டார்கள். காலையில் கராஜ் சுவரில் எறிந்துகொண்டிருந்தான்.

சாயங்காலம் துணி எடுக்கப் போனபோது சுவரில் பந்து மோதும் சத்தம் நின்றிருந்தது. தோட்டத்தில் ரூபார்ப் செடிகளுக்குப் பக்கத்தில் எஃப்ரைன் குந்தியிருந்தான். இடது கையில் கிளவுஸ், மாவுக்கட்டுப் போட்ட வலது கை முதுகுக்குப் பின்னால். விரல் காட்ட முடியாததால் வாய்விட்டுக் கத்திக்கொண்டிருந்தான்.

"வேகம்!" அடுத்து, "மெது!"

தெரு முழுக்கக் கேட்டது. வேலிக்கு அந்தப் பக்கம் ஹேஸல், "ஏம்ப்பா, எனக்கே தெரியுதே" என்றாள்.

"உங்களுக்குத் தெரியட்டும் பாட்டி. இவன் கிளவுஸ் சொல்லாம இருந்தாப் போதும்." பிறகு டேலிடம், "டேய், விரியுது. மறுபடி."

டேல் மறுபடி பிடித்தான். எஃப்ரைன் கேட்டதையே எறிந்தான்.

இதை யாராவது என்றைக்காவது படித்தால் ஒரு காரியம் செய்து பாருங்கள்: ஒரு பந்தைக் கைக்குட்டைக்குள் மறைத்து, பிடியை மாற்றி மாற்றிப் பிடித்தபடி கண்ணாடி முன் நில்லுங்கள். கை மறைத்தாலும் கைக்குட்டை சொல்லிவிடும்.