இடக்கைக் கரணை

லண்டனில் பார் நடத்தும் துரையான என் தம்பிக்கு,

பார் சுவரில் மாட்ட அப்பா சாந்து பூசிய கரணை வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். வயிறு வலிக்கச் சிரித்தேன்.

அப்பா படுத்த படுக்கையாய்க் கிடந்தபோது லீட்ஸுக்கு வரும் ரயில் உனக்கு மட்டும் ஓடவில்லை. அடக்கத்தன்று வந்தாய். ஒரு கையில் சாண்ட்விச்சோடு, "லீவு விட்டா அப்பாகூடச் செங்கல் வைப்பேன், இதே கரணைதான்" என்று அப்பாவின் கரணையை வலது கையில் எடுத்து வீசி வீசிக் காட்டினாய்.

அப்பாவோடு கொத்து வேலை பார்த்த சிட்னி என் காதருகே குனிந்தார். "ஏம்மா, உங்கப்பா இடக்கைக்காரர். அது இடக்கைக்குன்னே செஞ்ச கரணை. இவன் அதை வச்சு என்ன பண்ணான், கேக் வெட்டினானா?"

சிரிப்பில் டீயை மடியில் கொட்டிக்கொண்டேன்.

பழைய கருவிகளைத் துருப்போக்கி ஜாம்பியாவுக்குத் தானம் அனுப்புகிறவர்களில் சிட்னியும் ஒருவர். மறுநாளே அப்பாவின் கருவிப் பையை அவரிடம் கொடுத்துவிட்டேன். "இடக்கைக் கரணை அங்க யாருக்கும்மா ஆகும்?" என்று தலையைச் சொறிந்தார்.

ஆயிற்று. அங்கே முட்டிந்தா என்று ஒரு பெண் கொத்தனார், அவளும் இடக்கை. "இத்தனை நாளா வலக்கைக் கரணையோட மல்லுக்கட்டினேன். உங்கப்பாது கையில அப்படியே உட்காருதுக்கா" என்று போனில் பேசி அனுப்பியிருக்கிறாள். பின்னால் கரணை செங்கல்லைத் தட்டும் சத்தம். அப்பா தட்டுவது போலவே இருந்தது. அதை நான் நாலு தடவை கேட்டேன். உனக்கு அனுப்ப மாட்டேன்.

உன் சுவரும் வெறுமையாய் இருக்க வேண்டாம். புதுக் கரணை ஒன்று வாங்கி இதோடு வைத்திருக்கிறேன், வலக்கைக்குத்தான். விலைச்சீட்டைப் பிய்க்கவில்லை. நீ வேலை செய்த கரணை இப்படித்தான் இருக்கும்.

உன் அக்கா