லாரி இல்லாத வழி

பிப்ரவரி 1, ஞாயிறு

காலை ஐந்தரை. நல்ல பனி. ஏரிக்கரையில் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை.

சைக்கிளில் தனியாகத்தான் கிளம்பினேன். இவர் போர்வைக்குள்ளிருந்தே, "பாத்துப் போ மலர்." அவ்வளவுதான்.

இவருடைய சைக்கிள் ஷெட்டில், என் பழைய புடவையைப் போர்த்திக்கொண்டு. இரண்டு வருஷம். அரியலூர் ரோட்டில் லாரி உரசித் தள்ளியதிலிருந்து. எலும்பு கூடிவிட்டது, பயம்தான் போகவில்லை. எட்டு கி.மீ. தூரத்துப் பள்ளிக்கூடத்துக்கு பஸ். அதிலும் ஜன்னலோரம் உட்கார மாட்டார், கணக்கு வாத்தியார்.

அன்று நான் முன்னால் போய்க்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டுத்தான் திரும்பினேன். இதை இந்த நோட்டில் எத்தனை தடவை எழுதுவது. போதும்.

பொங்கலன்று வாய் தவறிச் சொல்லிவிட்டார்: "லாரிச் சத்தமே கேக்காத பாதை ஒண்ணு காட்டு. அன்னிக்கு எடுக்குறேன் சைக்கிள." சர்வேயரைக் கட்டிக்கொண்டு பாதை இல்லை என்று தப்பிக்கப் பார்க்கிறார். விடுவேனா. கிராம வரைபடங்களில் உள்ள வண்டிப்பாதை, ஏரிக்கரை, ஓடைக்கரை எல்லாவற்றையும் கோத்து ஒரு சுற்று போட்டேன். அரும்பாவூரில் கிளம்பி அரும்பாவூருக்கே. இன்று ஓட்டிப் பார்த்தது:

– ஏரிக்கரை. இறுகிய கிராவல். டயருக்கு அடியில் நறநற. கேட்டுக்கொண்டே இருக்கலாம்.
– வண்டிப்பாதை. படத்தில் இருக்கிறது. நேரில் மக்காச்சோளம் நிற்கிறது. கொல்லைக்காரர் என்னைப் பார்த்ததும் அளக்கத்தான் வந்துவிட்டேன் என்று வெலவெலத்துப் போனார். "இன்னிக்கு லீவுங்க" என்று சொல்லிவிட்டுச் சுற்றிக்கொண்டு போனேன்.
– ஓடை. கணுக்கால் தண்ணீர். ஷூ நனைந்தது.
– மலையடிவார மேடு. இறங்கித் தள்ளினேன். ஆடுகள் தவிர யாரும் பார்க்கவில்லை.
– கல்லாற்றங்கரை. பனி விலகி, பச்சைமலை முழுசாக. சத்தம் போட்டுப் பாடினேன். குரல் சுமார்தான்.

மொத்தம் 31 கி.மீ. டிராக்டர் 2. ஆட்டு மந்தை 1. லாரி 0.

பிப்ரவரி 3, செவ்வாய்

படத்தை இவர் முன் விரித்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு, விடைத்தாள் திருத்துகிற முகத்தோடு பார்த்தார். தப்பு கிடைக்கவில்லை.

"சரி. ஞாயித்துக்கெழம."

கையில் இருந்த காபி கொட்டாமல் இருந்ததே பெரிது.

நிபந்தனைகள் (கணக்கு வாத்தியார் அல்லவா):
1. இவர் முன்னால், நான் பின்னால்.
2. வழி கேட்டு நிற்க மாட்டார். திருப்பத்துக்குத் திருப்பம் அம்பு போட வேண்டும்.
3. "ஒத்த லாரி வந்தாலும் திரும்பிடுவேன். அப்புறம் என்னைக் கேக்கவே கூடாது. சைக்கிள வித்துடுவோம்."

மூன்றாவதுதான் இடிக்கிறது. ஆனாலும் சரி என்றேன்.

பிப்ரவரி 4, புதன்

ஆபீசுக்கு முன்னால், விடிந்ததும் ஸ்கூட்டரில். சுண்ணாம்புப் பொடி ஒரு பை. இருபத்துமூன்று திருப்பம், இருபத்துமூன்று அம்பு. சுடிதாரெல்லாம் வெள்ளை.

அடிவாரத்து ஊரில் ஒரு அக்கா, வெங்காயப் பட்டறை ஓரமாக விளக்குமாறோடு நின்று என்னையே பார்த்தது. கையசைத்தேன். பதிலுக்கு அசைக்கவில்லை.

பல்வலி. கிராம்பு வாங்கணும்.

பிப்ரவரி 5, வியாழன்

மானம் போன நாள். எழுதும்போதும் சிரிப்பு வருகிறது.

பதினொரு மணிக்கு ஆபீஸ் வாசலில் கூட்டம். முப்பது பேர் இருக்கும். முன்னால் அந்த விளக்குமாறு அக்கா. பெயர் ராசாத்தி. கையில் மனு.

"சார், எங்க ஊர்ல ரோடு போட நெலம் எடுக்கப் போறீங்களாமே. இந்த மேடமே நேத்து விடியக்காலம் யாருக்கும் தெரியாம வந்து வெள்ளைக் கோடு போட்டுட்டுப் போறாங்க. என் பட்டறைக்கு நேரா ஒண்ணு நின்னுச்சு. வெங்காயத்த எங்க கொண்டு போயி வைப்பேன்?"

தாசில்தார் என்னைப் பார்த்தார். எல்லாரும் பார்த்தார்கள்.

சர்வேயர் சுண்ணாம்பு தூவினால் இந்தப் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். இருபது வருஷ சர்வீஸ். இது எனக்குத் தோன்றவே இல்லை, பாருங்கள்.

"அது... எங்க வூட்டுக்காரர் சைக்கிள் ஓட்டுறதுக்குங்க."

பிறகு லாரி, எலும்பு, இரண்டு வருஷம், எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாயிற்று. ஆபீசில், எல்லார் முன்னாலும். பின்னாலிருந்து ஒரு பெரியவர், "சைக்கிளுக்கா இம்புட்டு அம்பு?" என்றார். அவ்வளவுதான், தாசில்தார் உட்பட எல்லாரும் சிரித்துவிட்டார்கள்.

ராசாத்தி அக்கா மட்டும் சிரிக்கவில்லை. மனுவை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டது. "கோடு எல்லாத்தையும் நேத்தே அழிச்சுட்டோம் மேடம். ஒண்ணு பாக்கியில்ல."

"பரவால்லக்கா. மறுபடி போட்டுக்கிறேன்."

"நீங்க வராதீங்க. மறுபடி வந்தா ஊரே தெருவுக்கு வந்துரும். ஞாயித்துக்கெழமதானே? நாங்க பாத்துக்குறோம்." படி இறங்கிய அக்கா திரும்பி, "அன்னிக்கு வெங்காயம் ஏத்த லாரி வருதே" என்று யோசித்தது. எனக்குப் பகீர் என்றது.

பிப்ரவரி 7, சனி

இவரிடம் லாரி பற்றிச் சொல்லவில்லை. பொய் இல்லை. கேட்கவில்லை, சொல்லவில்லை.

மதியம் ஷெட்டில் உஸ் உஸ் என்று சத்தம். எட்டிப் பார்த்தால் காற்று அடித்துக்கொண்டிருக்கிறார். புடவை மடித்து ஓரமாக. பார்க்காத மாதிரி வந்துவிட்டேன். அடுப்படியில் நின்று கொஞ்சம் அழுதேன். சந்தோஷத்தில்தான்.

வாங்க: செயின் எண்ணெய், கடலை மிட்டாய், இவருக்குக் கையுறை (பழையதை எலி கடித்துவிட்டது).

பிப்ரவரி 8, ஞாயிறு

ஆறு மணி. பனி குறைவு. இவர் முன்னால், நான் பின்னால். முதல் இரண்டு கி.மீ. கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தார், தோள் இரண்டும் காது வரை. ஏரிக்கரை ஏறியதும் மெல்ல இறங்கின.

முதல் திருப்பம். அம்பு! கோலமாவில், நாலடி நீளம், சுற்றிலும் செம்மண் காவி. அடுத்ததில் அம்பின் நுனியில் பூசணிப்பூ. திருப்பமே இல்லாத இடத்திலும் அம்பு, நேராகப் போகச் சொல்லி. இவர் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். ஓடையில் காலைத் தூக்கிக்கொண்டு சைக்கிளை விட்டார், ஐம்பது வயது மனுஷர். மேட்டில் இறங்கவில்லை. நான் இறங்கினேன்.

அடிவாரத்து ஊரில் அம்பு இடது பக்கம் காட்டியது. என் படத்தில் வலது. கத்தினேன். இவர் அம்பைத்தான் நம்பினார். அது நேராக ராசாத்தி அக்கா வீட்டு வாசலில் கொண்டுபோய் விட்டது.

வாசலில் லாரி. பாதி வெங்காயம் ஏற்றியபடி.

இவர் பிரேக் போட்டு அப்படியே நின்றார். போச்சு, சைக்கிளை விற்கப் போகிறோம்.

"பயப்படாதீங்க சார். சாவி எங்கிட்ட இருக்கு." ராசாத்தி அக்கா இடுப்பிலிருந்து சாவியை எடுத்து ஆட்டிக் காட்டியது. "நீங்க ஊரத் தாண்டுற வரைக்கும் தர மாட்டேன்னு சொல்லிட்டேன். மொதல்ல டீயக் குடிங்க. அதுக்குத்தான் அம்பத் திருப்பி வச்சேன்."

டிரைவர் ஏற்கெனவே குடித்துக்கொண்டிருந்தார். "ஆறு மணிலேருந்து உக்காத்தி வச்சிருக்காங்க சார். சீக்கிரம் கெளம்புங்க" என்றார்.

இவர் டீயை முழுசாகக் குடித்தார். கிளாசை வைத்தார். "அக்கா, சாவியக் குடுத்துருங்க. ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்க."

வண்டி உறுமியது. இவர் முகம் வெளுத்தது, பார்த்தேன். ஒரு நிமிஷம் போல நின்று கேட்டார். பிறகு ஏறி, லாரியின் பக்கவாட்டிலேயே ஓட்டிக்கொண்டு போனார். டிரைவர் ஹாரன் அடித்தார். இவர் பெல் அடித்தார். ஊரே கை தட்டியது.

ஆற்றங்கரையில் பிடிக்கவே முடியவில்லை இவரை. மலையைப் பார்த்துக்கொண்டே ஓட்டுகிறார். பின்னாலிருந்து அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே வந்தேன். இவ்வளவு சந்தோஷம் தாங்குமா எனக்கு.

லாரி 1. கணக்கில் சேர்க்க வேண்டாம் என்கிறார். நின்ற லாரியாம்.

கால், இடுப்பு, எல்லாம் வலி. வீட்டில் ஒரு மூட்டை வெங்காயம், ராசாத்தி அக்கா கொடுத்தனுப்பியது.

பிப்ரவரி 9, திங்கள்

பனி. காலை எட்டு. சாப்பாட்டு டப்பாவைக் காணோம், ஆளையும் காணோம். ஷெட் காலி. புடவை மட்டும் கொடியில்.

ஸ்கூல் மெயின் ரோட்டில் அல்லவா.

வாசலுக்கும் உள்ளுக்குமாக எட்டு நடை. போன் செய்யலாமா? ஓட்டும்போது எடுத்துவிட்டால்? ரசத்துக்கு உப்பு இரண்டு தடவை போட்டேன்.

8.40. மெசேஜ்.

"வந்துட்டேன். லாரி 6, பஸ் 3."