பிறின்சி இல்லாமல் டொக்டரிடம் போனேன்

ஈஸ்ட் ஹாம்,
மார்ச் 5, வியாழன்.

என் அன்பு மகள் பிறின்சிக்கு,

மாதாவின் துணையால் நாங்கள் இருவரும் நலம் என்றுதான் எந்தக் கடிதத்தையும் தொடங்குவது, ஆனால் இதில் ஒரு பொய்யும் எழுதுவதில்லை என்று இருக்கிறேன், ஆகவே அப்பா நலம், நான் முக்கால்வாசி நலம், நீ அங்கே பல்கேரியாவில், வர்னாவில் முழு நலமாக இருக்க வேண்டும் என்று தினமும் செபமாலை சொல்கிறேன். போனில் சொல்வதை விட்டுவிட்டு அம்மா ஏன் எழுதுகிறா என்று யோசிப்பாய். போனில் நான் ஒரு வசனத்தைத் தொடங்க நீ அதை முடித்துவிடுவாய், சின்ன வயதிலிருந்து எனக்காகக் கதைத்துக் கதைத்து உனக்கு வந்த பழக்கம் அது, கடிதத்தில் உன்னால் குறுக்கே வர ஏலாது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்ததை மறந்திருக்க மாட்டாய், எழுத்துக் கூட்டி ஆறுதலாக வாசி, உனக்காகக் கொட்டை எழுத்தில்தான் எழுதுகிறேன். தன் அக்காவின் கலியாணத்துக்கு இங்கே வந்த உன் வகுப்பு டினேஷ் சனிக்கிழமை திரும்பி வருகிறான், அவனுடைய சூட்கேசில் இதோடு மிளகாய்த்தூள் இரண்டு பை, பருத்தித்துறை வடை, ஒரு போத்தல் மாசிச் சம்பல் எல்லாம் வருகிறது. சம்பலில் அவனுக்கும் பங்கு கொடு, சுமந்து வருகிறவன் அவன்.

அவனைத் திட்டாதே, நான்தான் வாயைக் கிண்டினேன். தம்பி, ஒரே வகுப்பில் டொக்டருக்குப் படிக்கிற உனக்குப் பல்கேரிய மொழி ஏறிவிட்டது, என் பிள்ளைக்கு ஏன் ஏறவில்லை என்று பூசை முடிந்து கோயில் வாசலில் வைத்து அவனைக் கேட்டேன். பெடியன் சொன்னான், அவளுக்கு ஏறாமல் இல்லை அன்ரி, வாய்மொழிச் சோதனையண்டு வாசலிலை நிண்டு உங்களோடைதான் போனிலை கதைச்சவள், இருவது நிமிசம் பிந்தித்தான் உள்ளுக்குப் போனவள், பதட்டத்திலை அவளுக்கு ஒண்டும் வரேல்லை என்று. அந்த நாள் எனக்கு நல்ல நினைவு. ஜனவரியில் இங்கே டொக்டர் என் போனை ஸ்பீக்கரில் போட்டு, நீ மொழிபெயர்க்க உன்னோடு கதைக்க, குளிசையைப் பற்றியும் கேள், இரும்புச்சத்தைப் பற்றியும் கேள் என்று நான் ஒன்றுக்கு இரண்டாகக் கேள்வி போட்டேன். வேலையா பிள்ளை என்றதற்கு இல்லையம்மா சும்மாதான் நிக்கிறன் என்றாய். பிறகு பெயிலானதும் மொழி கஷ்டம், படிப்பை விட்டுவிட்டு லண்டனுக்கே வந்து வேறு ஏதாவது படிக்கிறேன் என்றாய், நாங்களும் நம்பினோம்.

மொழி கஷ்டம் என்றது முழுப் பொய் என்று நான் சொல்லவில்லை. பால் என்று நினைத்து மோரை வாங்கித் தேத்தண்ணிக்குள் ஊற்றியதும், வார்டில் ஒரு அம்மா கையைப் பிடித்து ஏதோ கேட்க நீ விளங்காமல் சிரித்துக்கொண்டு நின்றதும் உண்மைதான். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும், இங்கே பள்ளிக்கூடக் கிச்சினில் முதல் ஐந்து வருசமும் நான் அதைத்தான் சிரித்தேன். அங்கத்தைய ஆட்கள் ஓம் என்பதற்குத் தலையை இரண்டு பக்கமும் ஆட்டுவார்கள் என்று நீ சொன்னதிலிருந்து, அது எங்கடை தலையாட்டல்தானே, பாதி மொழி பிறக்கேக்கையே வந்திட்டுது என்று அப்பா வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்லித் திரிகிறார்.

ஆஸ்பத்திரியில் தமிழ் மொழிபெயர்ப்பாளரைச் சும்மாவே தருவார்கள் என்பது எனக்கு எப்போதும் தெரியும். உனக்குப் பதினொரு வயதாக இருந்தபோதே கேட்டார்கள், வேண்டாம், மகள் இருக்கிறாள் என்று சொன்னது நான். வருகிறவள் எங்கள் கோயில் பாடகர் குழுத் துசியந்தியாக இருந்துவிட்டால் என்ற பயம்தான், அவள் இந்த வேலைதானே செய்கிறாள். என்னுடைய கர்ப்பப்பைக் கட்டி ஞாயிற்றுக்கிழமைக்குள் கோயில் முழுக்கத் தெரிந்துவிடும் என்று நினைத்தேன். அப்பாவைக் கூட்டிப்போனால் அவர் பெண்கள் விசயம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு சுவரில் ஒட்டியிருப்பதை எல்லாம் வாசித்துக்கொண்டு நிற்பார். என் வெட்கத்தைக் காப்பாற்ற உன்னைப் பிடித்து வைத்திருந்திருக்கிறேன். டினேஷோடு கதைத்த அடுத்த நாளே ஆஸ்பத்திரிக்குப் போன் எடுத்து இன்ரப்பிரற்றர் வேண்டும் என்று நானே கேட்டேன், இங்கிலீசில்தான். போனில் கதைத்த பிள்ளை மூன்று தரம் திருப்பிக் கேட்டது, நானும் மூன்று தரம் சொன்னேன், கடைசியில் விளங்கிக்கொண்டது. போன கிழமை செவ்வாய் அங்கே போய்க் காத்திருந்தால் வந்து நின்றது துசியந்தியேதான்.

எழும்பி ஓடலாமா என்று யோசித்தேன். ஆனால் அவள் கழுத்தில் அட்டையோடு வந்து, இங்கை கதைக்கிறது இந்த அறையை விட்டு வெளியிலை வராது அக்கா என்று மட்டும் சொல்லிவிட்டு, எனக்குச் சற்றுப் பின்னால் கதிரையைப் போட்டு இருந்தாள். நீ வந்தால் டொக்டர் உன்னைத்தான் பார்ப்பார், நானும் உன்னைத்தான் பார்ப்பேன். அன்றைக்கு முதல்முறையாக அவர் என் முகத்தைப் பார்த்துக் கதைத்தார். அப்போதுதான் கேட்டார், பெப்ரவரியில் ஒப்பிரேசனுக்கு நாள் தந்தோமே, மகள் ஏன் அதை ஜூலைக்குத் தள்ளச் சொன்னா என்று. துசியந்தி கூட்டாமல் குறைக்காமல் அப்படியே சொன்னாள். நீ எனக்குச் சொன்னது ஆஸ்பத்திரியில் கியூ நீளம் என்று, லண்டனில் இருக்கிற ஆர்தான் அதை நம்பமாட்டார்கள். உன் விடுமுறை வந்தால் பக்கத்தில் நிற்கலாம் என்றுதானே செய்தாய். இரத்தம் குறைந்து மாடிப்படியில் நடுவழியில் இருந்து நான் மூச்சு வாங்குவது உனக்குத் தெரியாது, நானும் சொல்லவில்லை. உன்மேல் பொல்லாத கோபம் வந்தது, அப்பாவின் வான் வண்டிக்குள் ஏறியதும் அது அழுகையாகிவிட்டது. அந்தப் பொய்யைச் சொல்ல உனக்கு இடம் கொடுத்ததே நான்தான் பிள்ளை. துசியந்தி ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போலச் சிரித்துவிட்டுப் போய்விட்டாள், ஒருவருக்கும் மூச்சு விடவில்லை. நான்தான் கோயிலில் மேரிசாந்திக்கும் இன்னும் இரண்டு பேருக்கும் சொல்லிவிட்டேன்.

இனி ஒளிப்பு மறைப்பு இல்லை. ஜூலைக்குத் தள்ளிய ஒப்பிரேசனை டொக்டர் மார்ச் 18க்கு முன்னுக்குக் கொண்டுவந்துவிட்டார், நீ பெயிலான சோதனையைத் திரும்ப எடுப்பது மார்ச் 20. இரண்டும் ஒரே கிழமையில் வந்துவிட்டது, ஆண்டவரின் கணக்கு எனக்கு விளங்குவதில்லை. பிளேன் ரிக்கற் பார்க்காதே. வராதே பிள்ளை. ஒரு தாய் எழுதுகிற வசனமா இது என்று எனக்கே படுகிறது, கண் திறக்கும்போது நீ பக்கத்தில் நின்றால் எனக்கு அதைவிட வேறொன்றும் வேண்டாம். ஆனால் நீ நின்றால் நான் திரும்பவும் வாயை மூடிக்கொண்டு உன்னைப் பார்ப்பேன். டொக்டர் படிப்பு உனக்கே பிடிக்கவில்லை என்றால் சோதனைக்குப் பிறகு சொல், ஏற்றுக்கொள்வோம், எனக்காக மட்டும் விடாதே. நோயாளியாக இருந்து பார்த்தவள் சொல்கிறேன், வார்டில் கதிரையை இழுத்துப் போட்டு, படுத்திருக்கிற அந்த ஆளின் முகத்தைப் பார்த்துக் கேள், ஒரு சொல் பிழைத்தாலும் அவர்கள் பொறுப்பார்கள்.

ஆஸ்பத்திரிப் படிவத்தில் அவசரத்துக்குக் கூப்பிட வேண்டியவர் என்ற இடத்தில் இத்தனை வருசமும் உன் பெயர்தான் இருந்தது. நேற்று அதை வெட்டி அப்பாவின் பெயரை எழுதினேன். மனுசனுக்கு இப்போதே வியர்க்கிறது, வான் வண்டிக்குள் இருந்து யாக்கோப்பு ஸ்பீக்கிங் என்று சொல்லிப் பழகுகிறார்.

நேரத்துக்குச் சாப்பிடு, குளிருக்குத் தலையை மூடு. உன் நெற்றியில் சிலுவை போட்டு உன்னை ஆண்டவரின் கையில் கொடுக்கிறேன். இருபதாம் திகதி காலை போனை நிற்பாட்டிவிட்டு உள்ளே போ. அம்மா எப்படி இருக்கிறா என்று அப்பாவிடம் கேட்காதே. முடிந்து வெளியே வந்ததும் எனக்கு எடு, நானே சொல்வேன்.

என்றும் உன்னை நினைத்திருக்கும்,
உன் அம்மா
பியற்றிஸ்