எடை போட்ட பிறகு கைமாறிய பைகள்

கோமுனா
வியாழக்கிழமை, மழை நின்ற பிறகு

அன்பு மகள் டெல்மாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது, இங்கே நானும் என் இரண்டு பன்றிகளும் நலம், முழங்கால் மட்டும் என்னோடு பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிறது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் தலைநகர் மோர்ஸ்பி வெயிலில் வாடாமல் இருக்க வேண்டும். போன வாரம் போனில் நீ ஒன்று கேட்டாய், நம் ஊர் விமானத் திடலில் விமானம் விழுந்த அன்று யார் யார் இருந்தார்கள், என்ன நடந்தது என்று. எனக்கு நினைவில்லை என்றேன். நீ சிரித்தாய். சிரிக்க வேண்டியதுதான். இருபது வருஷத்துக்கு முன்னால் என் மண்வெட்டியை உடைத்துவிட்டுக் கல் மீது பழி போட்டவள் அன்று என்ன நிறத்தில் சட்டை போட்டிருந்தாள் என்று சொல்கிறவளுக்கு விமானம் விழுந்தது மறந்துபோகுமா. ஆகவே எழுதிக்கொள். விமானி பாஸ்கோ, சிவப்புத் தாடிக்காரர், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவர். தராசுக்காரன் போமாய், உன் அப்பாவின் தம்பி. உன் அத்தை டூவா. உபதேசியார் யோபா. நெஞ்சுச் சளிக்கு கோரோக்கா ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்ட கிழவர் மோண்டோ. நான். அப்புறம் நீ, ஐந்து மாதம், என் வயிற்றில். உன்னைத் தனியாக எடை போடவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் ஊரே நின்றது, அவர்கள் பெயரையும் சொல்வேன், உன் காகிதத்தில் இடம் இருக்காது. உன் அப்பா மட்டும் இல்லை, அப்போது கடற்கரைத் தோட்டத்தில் கூலி வேலைக்குப் போயிருந்தார்.

நம் மலைப்பக்கம் அந்தக் காலத்தில் விழுந்த விமானங்களையெல்லாம் பட்டியல் போடுவதுதான் இப்போது உன் அலுவலகத்தில் உனக்குக் கொடுத்திருக்கும் வேலை என்றாய். என்னைக் கேட்டிருந்தால் அலுவலகமே தேவைப்பட்டிருக்காது. மத்தியானத்துக்கு மேல் மேகம் இறங்கியபோது வலது பள்ளத்தாக்கு என்று நினைத்து இடது பள்ளத்தாக்கில் நுழைந்து, திரும்ப இடமில்லாமல் மலையில் முட்டியது ஒன்று. மழைக்காலத்தில் எண்ணெய்ப் பீப்பாயின் மூடியை யாரோ திறந்து போட்டிருக்க, தண்ணீர் கலந்த எண்ணெயைக் குடித்துவிட்டு ஆகாயத்தில் இருமி இருமி ஆற்றில் இறங்கியது ஒன்று. திடலில் மேய்ந்த பன்றியைத் தப்ப விடப்போய் வாய்க்காலில் விழுந்தது ஒன்று, அந்தப் பன்றி யாருடையது என்று இன்றைக்கு வரைக்கும் ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை, எனக்குத் தெரியும். சந்தையில் கீரை விற்றுக்கொண்டே இத்தனையையும் காரணத்தோடு சொல்வேன், கூட்டம் கூடும். நம் ஊர் விமானம் என்று யாராவது எடுத்தால் மட்டும் கீரைக்கு விலை சொல்ல ஆரம்பித்துவிடுவேன். உன் பட்டியலில் அதற்கு நேரே விமானியின் தவறு என்று இரண்டே வார்த்தை இருக்கிறது என்றாய். பாஸ்கோவுக்கு எண்பத்து நாலு வயதாம், படுக்கையில் இருக்கிறாராம், அவர் ஒன்றும் கேட்கவில்லை, அவர் மகள்தான் உனக்கு எழுதிக் கேட்கிறாள், அப்பா கண் மூடுவதற்குள் அந்த இரண்டு வார்த்தை சரிதானா என்று பார்த்துச் சொல்லுங்கள் என்று. நீ அதைப் படித்துக் காட்டிய பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. அது வரைக்கும் நான்கு வேளை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

உனக்குத் தெரியும், சம்பந்தம் செய்யப்போகும் வீட்டுக்கு நம் பெண்கள் இலேசான பையோடு போவதில்லை. முதுகில் தொங்கும் பிலும் பையின் கயிறு நெற்றியை அறுக்க வேண்டும், குனிந்து நடக்க வேண்டும், அப்போதுதான் எந்த வம்சத்திலிருந்து வருகிறாள் என்று எதிர்வீட்டார் எழுந்து நிற்பார்கள். கோரோக்கா பக்கம் என் தங்கைக்குப் பரிசம் வைக்கிற நாள்தான் விமானம் விழுந்த நாள். விமானமோ ஆளுக்கு இவ்வளவுதான் என்கிறது. போமாய் காப்பி மூட்டை நிறுக்கும் தராசில் ஆளையும் பையையும் சேர்த்து ஏற்றி, சீட்டில் எழுதி, பாஸ்கோவிடம் கொடுப்பான். அந்தத் தராசை ஏமாற்ற நான்தான் வழி கண்டுபிடித்தேன். இரண்டு பை கொண்டுவருவது, காலிப் பையோடு தராசில் ஏறுவது, இறங்கி வேலியோரம் போய்ச் சொந்தக்காரர்களைக் கட்டிப்பிடித்து அழுவது, அழுகிற அழுகையில் காலிப் பை அந்தப் பக்கம் போகும், நிறைந்த பை இந்தப் பக்கம் வரும். மூன்று தடவை செய்தேன், மூன்று தடவையும் விமானம் எழும்பியது. அதோடு வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் உன் அம்மாவே இல்லை. ஆற்றங்கரையில் துணி துவைக்கும்போது என் கெட்டிக்காரத்தனத்தை ஊருக்கே சொன்னேன், யார் யாரிடமிருந்து எப்படி மறைக்க வேண்டும் என்று நடித்தும் காட்டினேன்.

அன்றைக்கு விடியலில் மழை. புல் நனைந்து கிடந்தது. நான் என் வழியில் அழுது, பன்றித்தொடை ஒன்றும் அதற்கடியில் சர்க்கரைவள்ளிக்கிழங்குமாகப் பையை வாங்கிக்கொண்டேன். அன்று எல்லோருமே கொஞ்சம் அதிகமாக அழுகிறார்கள் என்று தோன்றியது, என் பிரிவைத் தாங்க முடியாமல் என்று எடுத்துக்கொண்டேன். பிற்பாடுதான் தெரிந்தது. டூவாவின் பையில் சேப்பங்கிழங்கு. உபதேசியார் யோபாவின் பாட்டுப் புத்தகப் பெட்டியில் புத்தகத்தை எடுத்துவிட்டு வாய் கட்டிய பன்றிக்குட்டி. இரண்டு பேர் தாங்கிக் கொண்டுவந்த மோண்டோ கிழவர், அடுத்த அறுவடையைப் பார்க்க மாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவர், மேல்துணிக்குள் சாணைக்கல்லோடு ஏறினார். ஒவ்வொருவரும் தான் ஒருவர்தான் ஏமாற்றுகிறோம் என்று நினைத்திருக்கிறோம். நான்கு பேரும் சேர்ந்து ஐந்தாவதாக ஒரு ஆளை, நல்ல தடித்த ஆளை, யார் கண்ணுக்கும் தெரியாமல் ஏற்றிவிட்டோம். பின்னால் காப்பி மூட்டை வேறு. பாஸ்கோ கதவைச் சாத்தும் முன்னால் என் மடியில் இருந்த பையைப் பார்த்தார். நம் பாஷையை உடைத்து உடைத்துப் பேசுவார்.

"இந்தப் பையெல்லாம் எடை போட்டதுதானா?"

என்னைப் பார்த்துத்தான் கேட்டார், நான்தான் மூன்று தடவை பறந்த மிதப்பில் முதலில் ஏறி உட்கார்ந்திருந்தேன்.

"போட்டாச்சு துரை, நீங்க கிளப்புங்க."

நம் திடல் உனக்குத் தெரியும், மேல் முனையிலிருந்து சரிவில் ஓடிக் கீழே ஆற்றை நோக்கி எழும்ப வேண்டும், நடுவில் வெள்ளைக் கல்லைத் தாண்டினால் நிறுத்த முடியாது. எப்போதும் கல்லுக்கு முன்னாலேயே சக்கரம் புல்லை விடும். அன்று கல் போனது, சக்கரம் விடவில்லை. திடல் முடிகிற இடத்தில் ஒரு முழம் எழும்பியது, அதற்கு மேல் முடியாது என்று சொல்லிவிட்டது. சவுக்கு மரங்கள் எதிரே வந்தன. ஒரு இறக்கை மரத்தில் தங்கிவிட்டது, நாங்கள் மோண்டோவின் தோட்டத்தில் போய் விழுந்தோம், ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியவர் சொந்த வரப்பில் இறங்கினார். பாஸ்கோவுக்கு ஒரு கால் இரண்டு இடத்தில் ஒடிந்திருந்தது. அந்தக் காலை இழுத்துக்கொண்டே மற்ற மூவரையும் வெளியே தள்ளினார். எண்ணெய் நாற்றம் மூக்கை அடைக்கிறது, நான் பையை விட மாட்டேன் என்று பிடித்துக்கொண்டிருக்கிறேன். கடைசியில் என்னையும் பையையும் சேர்த்தே இழுத்தார். இழுத்தபோது பையின் கனம் அவர் கைக்குத் தெரிந்தது. பையைப் பார்த்தார், என் வயிற்றைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். பையை என் பக்கத்தில் வைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். எனக்குப் போனது இரண்டு பல்.

மூன்றாம் நாள் கியாப் துரை, நம் பக்கத்து அரசாங்க அதிகாரி, திடலில் படுதா கட்டி மேசை போட்டு விசாரித்தார். ஊர்க்காரர்கள் சூனியம் வைத்தது யார் என்று தேடிக்கொண்டிருந்தார்கள், கியாப் விமானியிடம் குற்றம் தேடிக்கொண்டிருந்தார், கிழங்கை ஒருவரும் சந்தேகப்படவில்லை. கிழங்குத் தோட்டத்தில் கிழங்கு சிதறிக் கிடந்தால் யார் கேட்பார்கள். பன்றிக்குட்டி ஓடிவிட்டது. சாணைக்கல்லின் மேல் மோண்டோ உட்கார்ந்துகொண்டு இது என் தோட்டத்தில் என் தாத்தா காலத்திலிருந்து கிடக்கிறது என்றார். பன்றித்தொடையை அதற்குள் நாங்கள் சாப்பிட்டாகிவிட்டது. முதலில் என்னைக் கேட்டார்கள். எல்லாப் பையும் எடை போட்டது என்றேன். அதோடு விட்டிருக்கலாம், கேட்காததையும் சேர்த்தேன், துரைதான் மேகத்தைப் பார்த்துப் பார்த்து அவசரப்பட்டார் என்று. மற்றவர்கள், போமாய் உட்பட, அய்னா சொன்னதுதான் என்று கட்டைவிரலை மையில் வைத்தார்கள். நான் வைக்கவில்லை. மிஷன் பள்ளியில் இரண்டு வருஷம் படித்தவளாயிற்றே, பேனாவைக் கேட்டு வாங்கிப் பெயரை எழுதினேன், மை காயட்டும் என்று ஊதியும் விட்டேன். அரசாங்கக் காகிதத்தில் என் பெயரை நான் எழுதியது அதுதான் முதல் தடவை. பாஸ்கோவைக் கட்டிலோடு தூக்கிவந்து கேட்டபோது, "ஏத்துற எடைக்கு விமானிதான் பொறுப்பு, வேற சொல்ல ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அதன் பிறகு அவரைப் பறக்க விடவில்லை. கால் சரியான பிறகும் விடவில்லை.

இவ்வளவும் செய்துவிட்டு நான் அவர் மீதுதான் கோபமாக இருந்தேன் மகளே, நாற்பத்தெட்டு வருஷம். களை பிடுங்கும்போது நான் மன்னிக்காதவர்கள் பெயரை வரிசையாகச் சொல்வேனே, நீ சின்னப்பிள்ளையில் பாட்டு என்று நினைத்துக் கூடப் பாடுவாயே, அதில் முதல் பெயர் பாஸ்கோ, இரண்டாவது போமாய். தெரிந்தும் வாய் திறக்காதவனைப் போல எரிச்சலூட்டுகிறவன் உலகத்தில் இல்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் பதிலுக்கு நான் பத்து திட்டி ஒரு மாதத்தில் முடித்திருப்பேன். போமாயிடம் அன்றிலிருந்து பேசவில்லை, அவன் வீடு மூன்று வேலி தள்ளித்தான், அவன் பெண்டாட்டி சாவுக்குப் போய் அழுதேன், அவனிடம் பேசவில்லை. நேற்று போனேன். முழங்காலைத் திட்டிக்கொண்டே போனேன். வாசலில் காப்பி காயப்போட்டுக்கொண்டிருந்தவன் நேற்றுத்தான் பேசியவன் போல வாங்க அண்ணி என்றான். வேலியோரம் நடந்ததை நீ பார்த்தாயா என்று கேட்டேன்.

"நான் மட்டுமா பாத்தேன்? வேலியில கட்டிப்போட்டிருந்த பன்னி கூடப் பாத்துச்சு."

அப்புறம் ஏன்டா என்னை நிறுத்தவில்லை என்றேன். அவன் காப்பிக் கொட்டையைக் கிளறிக்கொண்டே சொன்னான்.

"அண்ணன் ஊர்ல இல்ல. அண்ணன் பொண்டாட்டிய ஊரே பாக்கறப்ப திரும்பத் தராசுல ஏறுன்னு ஒரு கொழுந்தன் எப்படி அண்ணி சொல்லுவான்? நீங்களே இறங்கிருவீங்கன்னு நெனச்சேன்."

அவன் சொன்னது சரி. சொல்லியிருந்தால் நான் அவனைச் சும்மா விட்டிருக்க மாட்டேன், உன் அப்பா வந்து அவனை உதைத்திருப்பார், அதற்கும் நான் சந்தோஷப்பட்டிருப்பேன். விமானம் விழுந்த நாளுக்குப் பிறகு அவன் தராசைத் தொடவே இல்லையாம், இத்தனை நாள் அவன் சோம்பேறி என்றுதான் சந்தையில் சொல்லிவந்தேன். உன் அலுவலகத்துக்கு வந்து நடந்ததைச் சொல்கிறானாம். டூவாவும் யோபாவும் மோண்டோவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், இங்கே மிச்சம் நாங்கள் இரண்டு பேர்தான். ஊரில் இனி என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும், நான் மற்றவர்களைப் பற்றிப் பேசிய அதே வார்த்தைகளில் பேசுவார்கள், எல்லாம் என்னிடம் கற்றுக்கொண்டதுதான். பேசட்டும்.

ஆகவே அந்த இரண்டு வார்த்தையை அடித்துவிடு. எடை போட்ட பிறகு பைகள் மாறின, கேட்ட விமானியிடம் ஒருத்தி பொய் சொன்னாள், அந்தப் பொய்யைப் பிறகு காகிதத்திலும் எழுதினாள் என்று போடு. உன் அம்மா என்பதற்காக வார்த்தையை மழுப்பாதே, உன்னையும் சேர்த்துத்தான் அன்று ஏமாற்றி ஏற்றினேன். பாஸ்கோவின் மகளுக்கு இன்றைக்கே எழுது, தபாலை நம்பாமல் போனிலும் சொல்லு. நான் அவரை மன்னித்துவிட்டேன் என்று மட்டும் சொல்லிவைக்காதே, அவர் சிரித்துக் கட்டிலிலிருந்து விழுந்து இன்னொரு காலையும் ஒடித்துக்கொள்வார். பல் போன இடம் இன்னும் குளிருக்கு வலிக்கிறது என்று சொல்லு, அவருக்குப் புரியும்.

மாப்பிள்ளையை இரவில் ஐஸ் தண்ணீர் குடிக்க வேண்டாம் என்று சொல்லு. பெரியவளுக்குத் தலைவலி விடவில்லை என்றால் கண்ணாடி வாங்கிக் கொடு, அழகு கெடாது. கிறிஸ்துமஸுக்கு வரும்போது எனக்கு அந்தப் பெரிய இரும்புப் பானை வேண்டாம், கையை வீசிக்கொண்டு வா, வாங்கிவருவது எதுவானாலும் தராசில் வைத்த பிறகு தொடாதே. கர்த்தர் உன் காலுக்குக் கீழே எப்போதும் தரையை வைக்கட்டும், ஆகாயத்தில் போகும்போது நல்ல இறக்கையை வைக்கட்டும், உன் பிள்ளைகள் உன்னைவிட உயரமாகவும் என்னைவிட உண்மையாகவும் வளரட்டும்.

நேற்று போமாய் வீட்டிலிருந்து திரும்பும் வழியில் என் பழைய வரிசையை ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். பாஸ்கோ போனார், போமாய் போனான், மண்வெட்டிக்காரி கூடப் போய்விட்டாள். ஒருத்தி மட்டும் போக மாட்டேன் என்கிறாள், நானும் விடுவதாக இல்லை. அவள் பெயரை உன் காகிதத்தில் தப்பில்லாமல் எழுத வேண்டும் என்பதற்காக, கியாப் மேசையில் எழுதிய அதே எழுத்துகளில் கீழே எழுதியிருக்கிறேன், இந்தத் தடவை ஊதவில்லை.

அய்னா கெரெங்கா