குதிகாலுக்கு வைத்த பஞ்சு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் நலம், ஒப்புக்கு எழுதுகிற நலம் இல்லையடி, இந்த முறை நிஜமான நலம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா? எனக்குக் கை பரபரக்கிறது, ஆனால் விஷயத்தை முதலிலேயே கொட்டிவிட்டால் மீதியை நீ படிக்கமாட்டாய், அதனால் வரிசையாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்.

உன் தங்கை வாலுவுக்கு இரண்டு கெண்டைக்காலிலும் ஊசி போட்டதை எழுதியிருந்தேன் அல்லவா, டாக்டர் அன்றைக்கே சொல்லிவிட்டார், மூளையிலிருந்து வருகிற இறுக்கத்தை இது அடியோடு போக்காது, மூன்று மாதம் போலத் தசை தளர்ந்து கொடுக்கும், அதற்குள் நீட்டிப் பழக்கிக் குதிகாலைத் தரைக்குக் கொண்டுவரப் பாருங்கள் என்று. பாதத்தை மடக்கிப் பிடித்து நிறுத்தக் காலுக்கு அளவெடுத்து பிளாஸ்டிக்கில் ஸ்பிளிண்டும் செய்து கொடுத்தார்கள். அதைப் போட்டுப் பிள்ளைக்குக் குதிகால் சிவந்துவிட்டது, நான் தையல்காரி, சும்மா இருப்பேனா, பஞ்சை மடித்து வைத்து மெத்தென்ற துணி சுற்றி இரட்டைத் தையல் போட்டு உள்ளே குதிகால் உரசுகிற இடத்தில் ஒட்டிவிட்டேன். கடையில வாங்கின மாதிரியே இருக்கே என்று உன் அப்பா வேறு மெச்சினார். மூன்று வாரம் கழித்துப் பயிற்சி கொடுக்கிற பெண் குதிகாலுக்கு அடியில் விரலை விட்டுப் பார்த்தாள், இரண்டு விரல் தாராளமாகப் போனது. யார் வேலை இது என்றாள், நான் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கினேன். அம்மா, உங்க பாசம் போதும், பஞ்சு வேண்டாம், குதிகால் கீழ உட்கார இடமே இல்லையே, சிவந்தா எங்ககிட்டல்ல கொண்டு வரணும் என்றாள். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்த கதை! மூன்று மாதத்தில் மூன்று வாரத்தை என் கையாலேயே பாழாக்கினேனே என்று அழுதுகொண்டே தையலைப் பிரித்தேன். அவர்கள் ஸ்பிளிண்டில் உரசுகிற இடத்தைச் சூடுகாட்டி அகட்டிக் கொடுத்தார்கள், சிவப்பும் போயிற்று.

அதன் பிறகு வீடே பயிற்சிக்கூடம்தான். உன் அப்பா பஸ் எடுக்கப் போகுமுன் ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை, பாதத்தைப் பிடித்து மெதுவாக மேலே மடக்கி முப்பது எண்ணுவார். அப்பா, உங்க முப்பது எங்க ஸ்கூல்ல அறுபது என்று வாலு சண்டைக்கு வருவாள், அவளை எண்ணச் சொன்னால் ஆறுக்குப் பிறகு நேராகப் பத்துதான்.

இனி விஷயம். நம் வாசல் தாழ்ப்பாள் உனக்குத் தெரியுமே, ஒரு கையால் கதவை அழுத்தி மறு கையால் இழுத்தால்தான் வரும். நுனிக்காலில் நிற்கிறவள் சுவரை விட்டால் விழுவாள், இரண்டு கைக்கு எங்கே போவாள்? நீ கிளம்பின அன்று அடுத்த தடவை அக்காவுக்கு நான்தான் கதவு திறப்பேன் என்று அழுதாளே, நாம் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. செவ்வாய்க்கிழமை மணி அடித்தது, இதோ வர்றேன் என்று கத்திவிட்டு மெஷின் ஊசியில் மாட்டின துணியை எடுத்துவிட்டு வருவதற்குள் கதவு திறந்து கிடக்கிறது, வெளியே தபால்காரர், உள்ளே வாலு, அவள் கையில் உன் கடிதம்! சுவரைப் பிடிக்கவில்லையடி, இரண்டு குதிகாலும் ஸ்பிளிண்டுக்குள் அழுந்தி உட்கார்ந்திருந்தன. நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். அம்மா அழாத, வழிய விடு, நான் போய் உட்காரணும், கால் வலிக்குது என்று என்னையே அதட்டினாள்.

இறுக்கம் திரும்பலாம், மறுபடி ஊசி தேவைப்படலாம் என்கிறார்கள், படட்டும், பார்த்துக்கொள்வோம். நீ எந்தக் குறையும் இல்லாமல் நன்றாக இரு, எங்கள் ஆசி எப்போதும் உண்டு. ஒன்றை மட்டும் மறக்காதே, விடுமுறைக்கு வரும்போது வழக்கம்போல் பின்வாசல் வழியாக நுழைந்துவிடாதே. முன்வாசலில் மணி அடி, அடித்துவிட்டு நில். நேரமாகும், கூப்பிடாதே, நில்.

உன் வரவுக்கு நாள் எண்ணும்,
அம்மா